காயம்பட்ட காட்டுயிரும் நமது கடமையும்

கரும்பு வெட்டும் பருவத்தில் தோகைகளின் நடுவே கண் திறவாத குட்டிகள் கிடப்பதும், கலப்பையின் முன்னே மயில் முட்டைகள் தென்படுவதும், தறிக்கூடத்து ஓட்டுச் சந்திலிருந்து கூகைக் குஞ்சு தரையில் விழுந்து கிடப்பதும் நம் அங்கத்தினர்களுக்குப் புதிய காட்சிகள் அல்ல. வெளியே எறிந்த நூற்கழிவில் கால் சிக்கிய மைனாவையும், வேலிக் கம்பியில் கிழிபட்ட மானையும், நீரற்ற கிணற்றில் விழுந்த முள்ளம்பன்றியையும் நம்மில் பலர் கண்டிருப்போம். காணும்போது மனம் இரங்குகிறது. கை தானே நீளுகிறது. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பால் புகட்டி, பிள்ளைகளுக்கு விளையாட்டாகவும் வீட்டுக்கு ஒரு புண்ணியமாகவும் வளர்க்கத் தொடங்குகிறோம்.

இவ்விரக்கத்தைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அஃது இல்லாத ஊரில் சட்டம் எத்தனை இருந்தும் பயனில்லை. எனினும் முறையறியாத இரக்கத்தால் அவ்வுயிர் மாண்டுபோவதும், இரங்கியவரே குற்றவாளியாக நிற்க நேர்வதும் உண்டு. ஆகவே காயம்பட்ட காட்டுயிரையும் தாயை இழந்த குட்டியையும் பேணுவதற்குச் சட்டம் விதித்துள்ள ஒழுங்கு யாது, அவ்வொழுங்கு எதற்காக ஏற்பட்டது, நாமும் நமது சங்கமும் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றையும் இப்பாடத்தில் வரிசையாக ஆராய்வோம்.

சட்டம் கூறுவது யாது?

நம் நாட்டில் இவ்விஷயத்துக்கு ஆதாரமாக உள்ளது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். பலமுறை திருத்தப்பெற்ற இச்சட்டத்துக்கு 2022ஆம் ஆண்டு நிறைவேறிய பெருந்திருத்தம் 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ளது.

அங்கத்தினர் முதலில் அறிய வேண்டியது, ‘வேட்டை’ என்னும் சொல்லுக்கு இச்சட்டம் தரும் பொருளாகும். துப்பாக்கியால் சுடுவது மட்டும் வேட்டையன்று. பிடிப்பது, கண்ணி வைப்பது, நஞ்சிடுவது, காயப்படுத்துவது யாவும் வேட்டையே. பறவைகளின் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதுங்கூட அதில் அடங்கும். ஆகவே வயலில் கண்ட மயில் முட்டைகளை எடுத்து வந்து வீட்டுக் கோழியின் அடியில் வைத்து அடைகாக்கச் செய்வது, செய்பவர் மனத்தில் அன்பே நிறைந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வேட்டையாகிவிடுகிறது. மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படுவது.

அடுத்து அறிய வேண்டியது 39ஆம் பிரிவு. சட்டத்துக்கு மாறாகப் பிடிக்கப்பட்ட விலங்கும், அடைத்து வளர்க்கப்படும் காட்டு விலங்கும், இறந்து கிடந்த விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கும் அரசின் உடைமை என்று அப்பிரிவு கூறுகிறது. அத்தகைய உடைமை எவ்வழியிலேனும் ஒருவர் கைக்கு வருமாயின், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ, அதிகாரம் பெற்ற வனத்துறை அலுவலருக்கோ அறிவித்தல் வேண்டும். கேட்டால் ஒப்படைத்தலும் வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான அனுமதியின்றி அதனை வைத்துக்கொள்ளவோ, பிறருக்குக் கொடுக்கவோ, அழிக்கவோ கூடாது.

தண்டனையும் சிறிதன்று. பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடிய குற்றத்துக்குச் சிறைத்தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை நீளும். அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

‘பிழைக்காது என்று தெரிந்த பிராணியைத் துன்பப்படாமல் நாமே முடித்துவிடலாமே’ என்று சிலர் கேட்பர். அதுவும் தனிமனிதர் தீர்மானிக்கத்தக்கதன்று. மீள முடியாத அளவுக்கு ஊனமோ நோயோ உற்ற விலங்கைப் பற்றிக் காரணங்களை எழுதி ஆணையிடும் பொறுப்பு வன உயிரினக் காப்பாளர் பதவிக்கே உரியது. ஆனால் தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் ஒரு விலங்கைக் கொல்லவோ காயப்படுத்தவோ நேர்ந்தால் அது குற்றமாகாது என்றும் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. உழவர்கள் இதனையும் நினைவில் வைத்தல் நலம்.

நெடுநாள் பேணுதல் யார் பொறுப்பு? உயிரியல் பூங்காக்களை மேற்பார்க்க 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் நிறுவப்பெற்றது. மக்களுக்குக் காட்டாமல் மீட்கப்பட்ட விலங்குகளை வைத்துப் பேணும் மீட்பு மையங்களும் ‘உயிரியல் பூங்கா’ என்னும் சொல்லின் பொருளில் அடங்கும் என 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஐயமின்றி எழுதிவைத்தது. அதாவது, நல்ல மனமும் காலி இடமும் இருந்தால் எவரும் மீட்பு மையம் தொடங்கிவிட இயலாது. ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும்.

சங்கத்தின் நடைமுறையோடு ஒப்பிட்டால் இதன் நியாயம் எளிதில் விளங்கும். சங்கத்தின் பணம் ஒரு அங்கத்தினர் கைக்கு வந்தால், அவர் எத்துணை நேர்மையாளராயினும், அதனைத் தம் வீட்டுப் பெட்டியில் வைத்துக் காப்பதை நாம் ஒப்புவதில்லை. ரசீது எழுதி, கணக்கில் ஏற்றி, சங்கத்தின் இருப்பில் சேர்க்கச் சொல்கிறோம். அவரிடம் நம்பிக்கை இல்லாமையால் அன்று. அது பொதுப்பொருள் என்பதனால். காட்டுயிரும் அத்தகைய பொதுப்பொருளே.

இரக்கத்துக்கு ஒழுங்கு ஏன்?

இவ்வொழுங்கு அதிகாரிகளின் வசதிக்காக ஏற்பட்டதென்று கருதுவோர் உளர். அவ்வாறன்று. பல நாடுகளில் அனுபவத்தால் கற்ற பாடங்கள் இதன் பின்னே நிற்கின்றன.

முதற்பாடம் யாதெனில், தனித்துக் கிடக்கும் குட்டி எல்லாம் அநாதைக் குட்டியன்று. புள்ளிமான் தன் கன்றைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு விலகி மேயும். முயலும் அவ்வாறே பகலில் குட்டிகளை விட்டு அகன்றிருக்கும். எதிரியின் கண் தன்னைத் தொடர்ந்து குட்டியிடம் வாராதிருக்கத் தாய் கையாளும் உபாயம் அது. இறகு முளைத்துத் தத்தித் திரியும் பறவைக் குஞ்சுக்கும் பெற்றவை அருகிலேயே இருந்து இரை ஊட்டும். இவற்றை நாம் ‘மீட்டு’ வந்தால், உண்மையில் தாயிடமிருந்து பிரித்தவர்களாவோம்.

மகாராஷ்டிரத்தில் புணே மாவட்டத்து ஜுன்னர் வட்டாரம் கரும்பு மிகுந்தது. அங்கே சிறுத்தைகள் கரும்புத் தோட்டங்களிலேயே குட்டி ஈனுகின்றன. அறுவடையின்போது தொழிலாளர் கண்ணில் அவை படுகின்றன. முன்பானால் அக்குட்டிகள் வாழ்நாள் முழுவதும் கூண்டில் கழிக்க வேண்டியதுதான். இப்போது வனத்துறையினரும் மீட்பு மையத்து மருத்துவர்களும் குட்டிகளைச் சோதித்து, மாலையில் அவை கிடந்த இடத்திலேயே ஒரு பெட்டியில் வைத்துவிட்டு விலகிச் சென்று காத்திருக்கின்றனர். இருட்டிய பின் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விச் செல்கிறது. இவ்வாறு தாயோடு சேர்ந்த குட்டிகள் பல. இதற்கு வேண்டியவை மூன்று. குட்டியைக் கண்டவர் அதனை அப்புறப்படுத்தாதிருத்தல், உடனே செய்தி சொல்லுதல், அன்றிரவு அவ்வயலில் ஆள் நடமாட்டம் இல்லாதிருத்தல். மூன்றும் உழவர் கையில் உள்ளவை.

நம் மாநிலத்திலும் சான்று உண்டு. 2023 டிசம்பரில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்து வால்பாறைப் பகுதியில் கூட்டத்தைப் பிரிந்து தவித்த யானைக் குட்டி ஒன்றை, வானில் பறக்கும் டிரோன் கருவிகளின் துணையுடன் யானைக் கூட்டத்தின் இருப்பிடத்தை அறிந்து, வனத்துறையினர் தாயிடம் சேர்த்தனர். சில நாள் கழித்து அக்குட்டி தாயின் அணைப்பில் உறங்கும் படம் நாடெங்கும் பரவியது.

இரண்டாம் பாடம் உணவைப் பற்றியது. பசும்பால் எல்லா உயிர்க்கும் அமுதம் என்று நாம் நினைக்கிறோம். கன்றுக்கு ஏற்றது முயலுக்கு ஏலாது. கென்யாவின் நைரோபியில் தாயற்ற யானைக் கன்றுகளை வளர்த்துப் புகழ்பெற்ற டாப்னி ஷெல்ட்ரிக் அம்மையார், பாலுண்ணும் பருவத்துக் கன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறப்பதைக் கண்டு பல ஆண்டுகள் முயன்றார். பசும்பாலின் கொழுப்பு அவற்றுக்கு ஒவ்வவில்லை. தேங்காயெண்ணெய் சேர்ந்த பாலுணவே அவற்றைக் காத்தது. தென்னை வளர்க்கும் நம் அங்கத்தினர்களுக்கு இச்செய்தி மகிழ்ச்சி தரும். ஆயினும் இதன் உட்பொருளைக் கருதுவோம். வாழ்நாளெல்லாம் விலங்குகளோடு பழகியவருக்கே அத்தனை காலம் பிடித்த அறிவை, நாம் ஒரு மாலைப்பொழுதில் ஊகித்துவிட முடியுமோ?

நிபுணர் கையிலும் தோல்வி உண்டு. 2023 மார்ச்சு மாதம் தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட யானைக் குட்டி ஒன்று, கூட்டத்தோடு சேர்க்கும் முயற்சி பலிக்காமற்போகவே முதுமலை தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே இரகு, பொம்மி என்னும் இரு குட்டிகளை வளர்த்து ஆளாக்கிய பொம்மன், பெள்ளி தம்பதியரை ஓர் ஆவணப்படம் வாயிலாக உலகமே அறியும். அப்படம் 2023இல் ஆஸ்கார் பரிசும் பெற்றது. அத்தகைய கைகளில் ஒப்படைத்தும் அக்குட்டி சில வாரங்களுக்குள் இறந்துபோயிற்று. தாய்க்கு ஈடு எளிதில் அமைவதில்லை.

மூன்றாம் பாடம் பழக்கத்தைப் பற்றியது. முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக்குஞ்சு முதலிற் கண்ட உருவத்தையே தாயாகக் கொண்டு பின்தொடரும் என்பதைக் கொன்ராட் லோரன்ஸ் என்னும் விஞ்ஞானி விளக்கினார். அவருக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதன் கையில் வளர்ந்த பறவை தன் இனத்தை அறியாது, இணை தேடாது, நாயைக் கண்டும் அஞ்சாது. குட்டியாக இருந்தபோது தோளில் ஏறி விளையாடிய குரங்கு, பருவம் வந்ததும் வளர்த்தவரையே கடிக்கும். காட்டில் விட்டால் பிழைக்காது, வீட்டில் வைத்தால் பொறுக்காது. எஞ்சியிருப்பது கூண்டு ஒன்றே.

உத்தரப் பிரதேசத்தில் 2022இல் காயம்பட்டுக் கிடந்த சாரசக் கொக்கு ஒன்றுக்கு ஓர் உழவர் மருந்திட்டுக் காத்தார். அது அம்மாநிலத்தின் மாநிலப் பறவை. குணமான பின்னும் அப்பறவை அவரை விட்டு அகலவில்லை. 2023 மார்ச்சில் வனத்துறையினர் அதனை எடுத்துச் சென்றனர். பின்னர் அது கான்பூர் உயிரியல் பூங்காவை அடைந்தது. உழவருக்குச் சட்டப்படி விளக்கம் கேட்டு அறிவிப்பும் அனுப்பப்பட்டது. நாடெங்கும் மக்கள் அவர்பால் பரிவு கொண்டனர். அப்பரிவில் நியாயம் உண்டு. ஆயினும் முடிவைப் பார்ப்போம். பறவை அவரிடமும் இல்லை, தன் இனத்தோடும் இல்லை. காயம் கண்ட முதல் நாளிலேயே முறையான இடத்துக்குச் செய்தி போயிருந்து, அவ்விடமும் உடனே கடமையாற்றியிருந்தால், இத்துயரம் இருசாரார்க்கும் நேர்ந்திராது.

நான்காம் பாடம் நோய். காட்டு விலங்கின் கடி சிறிதாயினும் வெறிநாய்க்கடி நோய் தொற்றக்கூடும். 2018இல் கேரளத்தின் கோழிக்கோடு பகுதியில் பரவிய நிபா நோயின் கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் இயல்பாக இருப்பது. நோய் மறுதிசையிலும் செல்லும். வீட்டு நாய், பூனை, கோழி ஆகியவற்றிடமிருந்து நோய் பெற்ற பிராணியை மீண்டும் காட்டில் விட்டால், ஒன்றைக் காத்த புண்ணியம் நூற்றைக் கெடுத்த பாவமாகலாம்.

ஐந்தாம் பாடம் விடுவிக்கும் இடம். மேற்சொன்ன ஜுன்னர் வட்டாரத்திலேயே, 2001ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில், கிராமங்களின் அருகே பிடிபட்ட சிறுத்தைகள் தொலைவிலுள்ள காடுகளில் கொண்டுபோய் விடப்பட்டன. விளைவு யாது? மனிதர் மீதான தாக்குதல்கள் குறையவில்லை. கூடின. விடப்பட்ட காடுகளின் அருகிலும் அவை தொடங்கின. அறியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு வழி தெரியாது அலைகிறது. ஆகவே ‘காடு கண்ட இடத்தில் விட்டுவிடுவோம்’ என்பது விடுவித்தல் ஆகாது. எங்கே, எப்போது, எந்நிலையில் விடுவது என்பதும் விதியால் அமைய வேண்டிய ஒன்றே.

பிறர் கையாளும் முறை

இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டம், காயம்பட்ட காட்டுப் பறவையைக் குணமாக்கி விடுவிக்கும் நோக்கத்துக்காக மட்டும் எடுத்துப் பேணுவதற்குச் சாதாரண மக்களுக்கே விலக்கு அளிக்கிறது. அவ்வூனம் அவரது சட்டவிரோதச் செயலால் நேர்ந்ததாக இருத்தலாகாது, குணமானவுடன் விடுவித்தல் வேண்டும் என்பன நிபந்தனைகள்.

அமெரிக்க நாட்டில், வலசைப் பறவைகள் சட்டத்தின்படி, காயம்பட்ட பறவையைக் கண்டவர் எவரும் உரிமமின்றி அதனை எடுக்கலாம். ஆனால் உடனே உரிமம் பெற்ற பேணுநரிடம் சேர்த்தல் வேண்டும். உரிமம் பெறுவோர் 18 வயது நிரம்பியவராயும், ஓராண்டுக்குக் குறையாத காலத்தில் 100 மணி நேரமேனும் பயிற்சி பெற்றவராயும் இருத்தல் வேண்டும். 180 நாட்களுக்கு மேல் ஒரு பறவையை வைத்திருக்கத் தனி அனுமதி தேவை. தானே உண்ணவோ நிமிர்ந்து அமரவோ இயலாத பறவையைத் துன்பமின்றி முடித்துவிட வேண்டுமென்றும் அவ்விதி கட்டளையிடுகிறது. நம் மனத்துக்கு இது கடினமாகத் தோன்றலாம். காட்டுக்குத் திரும்புதல் ஒன்றே குறிக்கோள், கூண்டில் உயிர்வைத்திருத்தல் குறிக்கோளன்று என்னும் கொள்கையின் விளைவு அது.

நம் நாட்டிலேயே போற்றத்தக்க முன்மாதிரி அசாமில் உள்ளது. காசிரங்கா தேசியப் பூங்காவின் அருகே போர்ஜுரியில் 2002இல் தொடங்கிய மறுவாழ்வு மையத்தை அம்மாநில வனத்துறையும் இந்திய வன உயிரின அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துகின்றன. ஆண்டுதோறும் பிரமபுத்திரா வெள்ளத்தில் தாயைப் பிரியும் காண்டாமிருகக் கன்றுகளும் யானைக் கன்றுகளும் அங்கே வளர்கின்றன. 1990களின் கலவரக் காலத்தில் மானஸ் தேசியப் பூங்கா தன் காண்டாமிருகங்கள் அனைத்தையும் இழந்திருந்தது. மையத்தில் வளர்ந்த முதல் காண்டாமிருகம் 2006இல் அங்கே கொண்டுசெல்லப்பட்டது. அவ்வாறு சென்றவை பின்னர் அக்காட்டில் கன்றும் ஈன்றன. அளவாகப் பழகி, ஏற்ற உணவு தந்து, பொறுமையுடன் விடுவித்தால் அநாதைக் கன்று ஒரு காட்டின் செல்வத்தையே மீட்டுத் தரும் என்பதற்கு இது சான்று.

இவற்றை ஒப்பிடும்போது நம் ஒழுங்கில் உள்ள குறையும் தெரிகிறது. கண்டெடுத்தவர் முதலுதவி செய்து ஒப்படைக்கும் வரையில் அவருக்குள்ள பாதுகாப்பு யாது என்பதை நம் சட்டம் வெளிப்படையாக எடுத்துரைக்கவில்லை. 48 மணி நேரக் கெடு ஒன்றே அவருக்கு உள்ள வழி. மீட்பு மையங்கள் பெரும்பாலும் ஊரிலிருந்து வெகு தொலைவில் உள்ளன. ‘சொன்னால் நம்மையே சந்தேகிப்பார்களோ’ என்னும் அச்சம் கிராமத்தில் இருக்கிறது. பயிரை மயிலும் பன்றியும் அழிக்கையில் வாராத அதிகாரம், காயம்பட்ட மயிலுக்கு மட்டும் வருவதேன் என்னும் மனக்குறையும் உழவரிடம் உண்டு. இவை புறக்கணிக்கத்தக்கவையல்ல. ஆனால் மனக்குறையைத் தீர்க்கும் வழி மனுவும் மகாநாடும் தீர்மானமுமேயன்றி, விதியை மீறுவதன்று. கூட்டுறவு இயக்கம் வளர்ந்ததும் அவ்வழியிலேதான்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

ஒன்று: தொடுமுன் பார்த்தல். தூரத்தில் நின்று சிறிது நேரம் கவனிக்க. இரத்தம், முறிவு, மயக்கம், மொய்க்கும் ஈக்கள், அருகே இறந்து கிடக்கும் தாய் ஆகியவை இல்லையெனில், விலகிச் செல்வதே உதவி. கூட்டிலிருந்து விழுந்த இறகு முளையாத குஞ்சைக் கூட்டிலேயே வைக்கலாம். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது வெறும் வதந்தி.

இரண்டு: செய்தி சொல்லுதல். வனச்சரக அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே தெரிவிக்க. சொன்ன நேரம், கேட்டவரின் பதவி, அவர் கூறிய பதில் ஆகியவற்றைத் தாளில் குறித்துவைக்க. நல்லெண்ணத்துக்கு அதுவே அத்தாட்சி.

மூன்று: காத்திருக்கும்போது அமைதி. அலுவலர் அனுமதித்தால், சிறு பறவையையோ பிராணியையோ காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் பருத்தித் துணி விரித்து வைத்து மூடி, இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைக்க. வாயில் நீர் ஊற்றலாகாது. மூச்சுக்குழலில் புகுந்து கொன்றுவிடும். பாலும் சோறும் தரலாகாது. மானைத் துரத்தலாகாது. துரத்தப்பட்ட அச்சத்தாலேயே மான் மாய்ந்துபோவதுண்டு. கூட்டம் சேர்தலும் படம் எடுத்தலும் வேண்டா.

நான்கு: தற்காப்பு. யானை, சிறுத்தை, பன்றி, பாம்பு ஆகியவற்றின் அருகே எக்காரணத்தாலும் செல்லலாகாது. வௌவாலை வெறுங்கையால் தொடலாகாது. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீருங்கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்து: முட்டையும் கூடும். உழவில் பெண்மயிலின் கூட்டைக் கண்டால், சுற்றிலும் சிறிது நிலத்தை உழாது விடுக. ஏறக்குறைய 28 நாட்களில் குஞ்சு பொரிந்து தாயோடு சென்றுவிடும்.

சங்கம் செய்யத்தக்கவை

தனியொருவருக்குக் கடினமானது சங்கத்துக்கு எளிது. வனச்சரக அலுவலகம், காவல் நிலையம், கால்நடை மருந்தகம் ஆகியவற்றின் தொலைபேசி எண்களைச் சங்க அலுவலகச் சுவரிலும் தறிக்கூடத்திலும் கொள்முதல் நிலையத்திலும் எழுதிவைத்தல் முதற்பணி. துளையிட்ட பெட்டிகள் இரண்டும் தடித்த கையுறை ஒரு ஜோடியும் சங்கத்தில் இருக்கட்டும். செய்தி தெரிவித்த விவரத்தைப் பதிவதற்கு ஒரு குறிப்பேடு வைத்தால், தனி அங்கத்தினரின் அச்சம் நீங்கும். அவருக்காகச் சங்கமே பேசும். ஆண்டுக்கு ஒருமுறை வனத்துறை அலுவலரையும் கால்நடை மருத்துவரையும் அழைத்து விளக்கக் கூட்டம் நடத்தலாம்.

இவற்றினும் மேலானது, காயமே நேராதவாறு தடுத்தல். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரு குட்டிகள் தாயற்று நின்றன. அத்தகைய வேலியில் அண்டை வீட்டு உழவனும் அவன் மாடும் மாண்ட கதைகளை நாம் அறிவோம். ஆகவே திருட்டு மின்வேலியும் கம்பிக் கண்ணியும் இல்லாத கிராமம் என்று சங்கம் தீர்மானம் இயற்றலாம். பாழ்கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பக் கடனுதவி கோரலாம். நெசவாளர் அங்கத்தினர்கள் நைலான் நூற்கழிவையும் சரிகைத் துண்டுகளையும் வெளியில் எறியாது சேர்த்து அகற்றுதல் நன்று. நைலான் மாஞ்சாக் கயிற்றைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடைசெய்தது. பறவையின் இறக்கையையும் சாலையில் செல்வோரின் கழுத்தையும் ஒருங்கே அறுக்கும் அந்நூலை நம் ஊர்க் கடைகளில் விற்க விடலாகாது.

நம் அரசியலமைப்பில் 1976இல் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள் ஒன்று, உயிருள்ளவற்றின்பால் பரிவு காட்டுதல். அப்பரிவு எடுத்து வளர்க்கும் ஆசையாக முடியாமல், உரிய இடத்தில் சேர்ப்பிக்கும் பொறுப்பாக வளர்தல் வேண்டும். குட்டி தாயிடம் திரும்பிய இரவில் அதனைக் கண்டெடுத்தவர் அங்கே இருக்கமாட்டார். அவர் பெயரைக் காடு அறியாது. ஆயினும் அன்று அவர் செய்ததே அவ்வுயிர்க்குச் செய்யத்தக்க உதவிகளுள் தலையாயது.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. ‘வேட்டை’ என்னும் சொல்லில் சட்டப்படி அடங்குபவை யாவை? நம் ஊர் வழக்கங்களுள் எவை அதில் சேரும்?

2. காட்டுயிர் கைக்கு வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள், யாரிடம் அறிவித்தல் வேண்டும்?

3. கரும்புத் தோட்டத்தில் குட்டிகள் கிடைத்தால் வெட்டும் தொழிலாளர் செய்ய வேண்டியது யாது? அன்று வேலை நின்றதால் நேரும் கூலி இழப்பைச் சங்கம் எவ்வாறு ஈடுசெய்யலாம்?

4. கண்டெடுத்து ஒப்படைப்பவருக்குச் சட்டத்தில் வெளிப்படையான பாதுகாப்பு வேண்டுமா? வேண்டுமெனில், பொதுக்குழுவுக்குத் தக்க தீர்மானத்தின் வாசகத்தை எழுதுக.

5. நம் சங்க எல்லைக்குள் சுற்றுச்சுவரற்ற கிணறுகள் எத்தனை? அடுத்த கூட்டத்துக்குள் எண்ணிக் கொணர்க.